அறுபது சேலை பிரித்த பிறகு "வேற கடை பாக்கறோம்": கேள்வி பதில்

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 24 வருஷம். பெரும்பகுதி பட்டுச்சேலைப் பிரிவு, இப்போது அந்தத் தளத்துக்கு சூப்பர்வைசர். கடையில் நிற்கும் தம்பி தங்கைகள் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டார்கள்.

*அண்ணா, நேற்று ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அறுபது சேலை பார்த்துவிட்டு ஒன்றுமே எடுக்காமல் போனது. அழுகையே வந்துவிட்டது.*

அறுபதை யார் பிரிக்கச் சொன்னது? கல்யாணச் சேலை எடுக்க வரும் கூட்டத்தில் கட்டப்போகிறவள் ஒருத்தி, பணம் கொடுப்பவர் ஒருவர். முடிவு செய்வது பெரும்பாலும் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காத பெரியம்மா. பெண் "இது நல்லா இருக்கே" என்றதும் எல்லாத் தலையும் யார் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். அடுத்த சேலையை அவர் மடியில் போடுங்கள். கட்டைவிரலால் ஜரிகையைத் தேய்த்துப் பார்ப்பார். தேய்க்காமல் தள்ளினால் அந்த ரகத்தையே எடுத்து வைத்துவிடலாம்.

அப்புறம், மேஜையில் நான்கைந்துக்கு மேல் விரிந்து கிடக்கக் கூடாது. வேண்டாம் என்றதைப் பேசிக்கொண்டே மடித்துவிடுங்கள். குவியல் ஏற ஏற அவர்களுக்கே குழப்பம்தான், உங்கள் தலையில் கோபம் வந்து விழும். அவர்கள் படி இறங்குவதற்குள் "ச்சே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்கு கடை ஏறி இறங்கிவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, "மடிச்சுக்கிட்டே பேசுமே ஒரு தம்பி, எங்கே?" என்று என்னைத் தேடிய குடும்பங்கள் உண்டு.

*சாயம் போகிறது என்று கட்டிய சேலையைத் தூக்கி வருகிறார்கள். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருப்பதைக் காட்டினால் இன்னும் கத்துகிறார்கள்.*

காட்டாதீர்கள். பொருளில் குறை இருந்தால் அந்த வரி நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம்.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சேலையின் உள்மடிப்பு ஓரத்தில் அவர் கண்ணெதிரே தேயுங்கள். ஒட்டாவிட்டால் எதில் ஊறவைத்தார், எத்தனை நேரம் என்று கேட்கலாம். பாதி பேர் அங்கேயே சுருதி இறங்கிவிடுவார்கள். ஒட்டினால் பேச்சு முடிந்தது, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். எனக்கு இது லேசில் வரவில்லை. ஆரம்பத்தில் ஒரு அம்மாவிடம் "எங்க சேலை சாயம் போகாது" என்று அரைமணி நேரம் வாதாடினேன். அவரே என் கைக்குட்டையை வாங்கித் தேய்த்தார். குங்குமத்தில் தோய்த்த மாதிரி ஆகிவிட்டது. அவர் பேசியது காதுகொடுத்துக் கேட்கிற பேச்சாக இல்லைதான். ஆனால் நியாயம் அவர் பக்கம். வாய் மோசமாக இருந்தால் விஷயமும் பொய் என்று நினைத்தது என் தப்பு.

*சூப்பர் மார்க்கெட் கேஷியர் நான். "காசு போயிடுச்சு"ன்னு ஒருத்தர் போனை நீட்டுகிறார், எங்களுக்கு வரவில்லை. பின்னால் பத்துப் பேர் வரிசை.*

"வரல சார், வரல சார்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னால் "நீ பொய் சொல்ற" என்றுதான் அவர் காதில் விழும். "உங்க கணக்குல எடுத்திருக்கு, எங்களுக்கு இன்னும் சேரல, ரெண்டு நிமிஷம் பாத்துருவோம்" என்று சொல்லி, வரிசையிலிருந்து தள்ளி நிற்கவையுங்கள். பார்க்க ஆள் இல்லையென்றால் பாதிச் சத்தம் குறையும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதையும் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மட்டும் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள், கல்லாவில் குறைந்தால் உங்கள் சம்பளத்தில் கைவைப்பார்கள்.

*பத்து ரூபாய் நாணயத்தைச் சில்லறையாகக் கொடுத்தால் செல்லாது என்று சண்டை.*

14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் நோட்டாகக் கொடுத்து அனுப்புங்கள், பத்து ரூபாய்க்கு அவ்வளவுதான்.

*அண்ணா, ஒருத்தர் என்னை "வாடி, போடி" என்றார். முதலாளி "கஸ்டமர்தான் தெய்வம், பொறுத்துப் போ" என்கிறார்.*

இதில் பொறுமை வேண்டாம் தங்கச்சி. பதிலுக்குப் பேசாதே, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு கவுண்டரை விட்டு விலகி வா. சூப்பர்வைசர் போய் நிற்கட்டும், அவருக்கு அதற்குத்தான் சம்பளம். எங்கள் தளத்தில் அப்படிப் பேசியவரிடம் "பில் போட முடியாது, கிளம்புங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி, போகட்டும்.

*சாயங்காலம் ஆனால் கால் கடுக்கிறது, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறேன்.*

உன் குணத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார். தமிழ்நாட்டில் 2021ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எங்கள் தளத்துக்கும் ஆறு ஸ்டூல் வந்தது. முதலாளி பார்த்துவிடுவாரோ என்று முதல் வாரம் அதில் பிளவுஸ் பிட் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. ஒருநாள் கட்டை இறக்கி வைத்துவிட்டு நான் போய் உட்கார்ந்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் பட்டுப் பிரிவுப் பெண் இரண்டாவது ஸ்டூலில்.