வைரஸ் ஆராய்ச்சியா, பி.எட்.டா?

கேள்வி: ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். வைரஸ், நோய் எதிர்ப்பு சக்தி பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. "டாக்டருக்குப் படிக்காமல் அதெல்லாம் நடக்காது, பி.எட். முடி" என்கிறார் அப்பா. டீ ஃபேக்டரி சம்பளத்தில் அவர் என்னை இன்னும் எத்தனை வருடம் படிக்க வைப்பார்? எனக்கும் தயக்கமாக இருக்கிறது.
- வாசகி, கோத்தகிரி

பதில்: இந்த ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், கால்நடை மருத்துவம் என்று எதைப் படித்தவர்களும் இதற்குள் வரலாம். ஆனால் பாதை நீளம். எம்.எஸ்ஸி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்தாறு வருடம், அதற்கு மேல் சில வருடங்கள் போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆராய்ச்சிப் பணி. நிலையான வேலை கிடைக்கும்போது முப்பது வயதைத் தாண்டியிருப்பீர்கள். இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்பா செலவு செய்ய வேண்டியது எம்.எஸ்ஸி. வரைக்கும்தான். அப்புறம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி பிஎச்.டி. சேர்ந்தால், முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. வைரஸ் துறைக்கு ஐ.சி.எம்.ஆர். (மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டி.பி.டி. (உயிரித் தொழில்நுட்பத் துறை) தேர்வுகளும் இருக்கின்றன.

எம்.எஸ்ஸி.யை எங்கே படிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். கல்லூரிப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே படிக்கும் சீனியர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: செல் வளர்ப்பை நீங்களே கையால் செய்கிறீர்களா, சார் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறீர்களா? ஏனென்றால் இது கை பழக வேண்டிய வேலை. வைரஸ் தானாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். 37 டிகிரி இன்குபேட்டரில் செல்களைப் பல நாள் பராமரிக்க வேண்டும். ஒரு துளி பூஞ்சை உள்ளே போனால் அத்தனையும் குப்பைக்கு. நோயாளியின் ரத்தத்தில் வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க, அவருடைய ரத்த நீரையும் வைரஸையும் கலந்து அந்தச் செல்கள் மேல் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். பல வைரஸ்களில், எதிர்ப்பொருள் போதவில்லை என்றால் செல்கள் உருண்டு, தட்டை விட்டுக் கழன்றுவிடும். சாயம் ஏற்றினால் ஊதாப் பரப்பில் வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகள். அவற்றைக் கண் வலிக்க எண்ண வேண்டும். இப்படி எண்ணுவது உங்களுக்குச் சலிக்காது என்றால், தயங்காமல் வாருங்கள்.

உங்கள் மலையிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடி மருந்து தயாரித்த இடம். பிற்பாடு, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களை ஆய்வகத்தில் வளர்த்துத் தயாரிக்கும் முறைக்கு மாறினார்கள். உங்கள் துறைத் தலைவர் மூலம் கடிதம் எழுதி, ப்ராஜெக்டுக்கோ பார்வையிடவோ அனுமதி கேட்டுப் பாருங்கள். 2012-இல் முதுமலையில் செத்த குரங்குகளில் குரங்குக் காய்ச்சல் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. உண்ணி மூலம் மனிதருக்கும் பரவும் நோய் அது. காடும் ஊரும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் வளர்ந்த விலங்கியல் மாணவிக்கு இதில் செய்ய நிறைய வேலை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த வருடமே பாடத்தில் உள்ள நோய் எதிர்ப்பியலை வரி விடாமல் படியுங்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு அறிவிப்பையும் கவனித்து வாருங்கள்.

பி.எட்.டை எம்.எஸ்ஸி. முடித்த பிறகும் படிக்கலாம், அப்போது முதுகலை ஆசிரியர் பணிக்கே விண்ணப்பிக்க முடியும். அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு, ஜே.ஆர்.எஃப். பற்றி அப்புறம் பேசுங்கள்.