பழைய விறகு பிளக்கும் மெஷின் நீலப் புகை விடுகிறது. எஞ்சினைத் திருத்துவதா, மாற்றுவதா?

கேட்டவர் ஒன்ராறியோவில் இருக்கிறார். கையில் இருப்பது 5 குதிரைவலு பிரிக்ஸ் அன் ஸ்ராட்டன் எஞ்சின் பூட்டிய பழைய ஹைட்ரோலிக் மெஷின். நீலப் புகை விடுகிறது, கடினமான கட்டை வந்தால் நின்றுவிடுகிறது, புது எஞ்சின் வாங்கலாமா என்கிறார்.

வாங்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். புகை எஞ்சின் விஷயம். கட்டையில் நின்றுபோவது பம்பின் குறையாகவும் இருக்கலாம்.

இந்த மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு கட்டப் பம்ப்தான் இருக்கும். சுமை இல்லாதபோது உள்ளே இருக்கும் இரண்டு கியர் சோடிகளும் சேர்ந்து எண்ணெயைத் தள்ளும், ஆப்பு வேகமாக வரும். கட்டையில் முட்டி அழுத்தம் ஏறியதும், ஏறக்குறைய 500, 600 பிஎஸ்ஐக்கு மேல், பெரிய சோடி விலகிக்கொள்ளும். சின்னச் சோடி மட்டும் மெதுவாக, ஆனால் 2500 பிஎஸ்ஐக்கு மேலும் தள்ளும். அந்த மாற்றம் நடக்காவிட்டால் புத்தம் புது எஞ்சினும் நின்றுதான் போகும். பார்ப்பது சுலபம். இப்போது பலர் பிளப்பது வண்டு அரித்துச் செத்த ஆஷ் மரம், அது தானாகவே பிளக்கும், சோதனைக்கு உதவாது. முடிச்சு விழுந்த மேப்பிளோ எல்மோ வையுங்கள். ஆப்பு முட்டியதும் வேகம் சட்டென்று குறைந்து, எஞ்சின் கொஞ்சம் முனகிக்கொண்டு தொடர்ந்து தள்ளினால் பம்ப் சரி. வேகம் குறையாமலே எஞ்சின் அடங்கினால் பம்பைக் கழற்றிப் பாருங்கள். சோக்கைப் பாதி இழுத்தால் எஞ்சின் நன்றாக இழுக்கிறதா? அப்படியென்றால் காபரேற்றர் அடைத்திருக்கிறது. அது மலிவான வேலை.

இனிப் புகை. ஒயில் கூடுதலாக ஊற்றியிருந்தாலோ, வாகனத்தில் சரித்து ஏற்றி வந்திருந்தாலோ கொஞ்ச நேரம் நீலமாகத்தான் புகைக்கும். எஞ்சின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் பிறீதர் வால்வு கெட்டாலும் அப்படித்தான். இவற்றைத் தள்ளிவிட்டுத்தான் பிஸ்டன் றிங்குக்கு வரவேண்டும்.

கொம்பிறெசன் கேஜை மட்டும் நம்பவேண்டாம். கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இந்த எஞ்சின்களில் வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு, கேஜ் குறைத்துத்தான் காட்டும். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, மேல் மூடியையும் எடுத்து, பிளைவீலைக் கையால் பிடித்து வழமைக்கு எதிர்த்திசையில் வீசிச் சுற்றுங்கள். பம்பிலிருந்து எஞ்சினைப் பிரித்துவிட்டுச் செய்தால் இன்னும் தெளிவு. கொம்பிறெசனில் முட்டிச் சுள்ளென்று திரும்பி வந்தால் நல்லது. சோம்பலாக நழுவிப்போனால் காற்று எங்கோ போகிறது. எங்கே என்று தெரிய, இரண்டு வால்வும் மூடியிருக்கும் கொம்பிறெசன் முடிவில் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்றிக் காதை வையுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸோஸ்ற் வால்வு, காபரேற்றரில் சீறினால் மற்ற வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் றிங்கும் சிலிண்டரும். வால்வு என்றால் அரைத்துப் போட்டு ஓட்டலாம், இந்தப் பழைய எஞ்சினில் சிலிண்டர் தலையைக் கழற்றினாலே வால்வு கண்முன் நிற்கும்.

இன்னொன்று, இதைப் பலர் பார்ப்பதில்லை. எஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்தண்டை, அதாவது ஷாப்ற்றைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இந்த வகை எஞ்சின் பலவற்றில் ஷாப்ற் நேரே அலுமினியத்தில்தான் சுழல்கிறது. ஆட்டம் கையில் தெரிந்தால் அந்த எஞ்சினுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்த ஆட்டம் பம்பில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் தின்றுவிடும்.

ஊரில் தோட்டத்து வாட்டர் பம்ப் என்றால் றிங் மாற்றி, சிலிண்டர் கடைந்து ஓட்டிக்கொண்டே இருப்போம். இலங்கையில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்களுக்கு எதையும் எறிய மனம் வராது. இங்கே கூலி அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. கடையில் சிலிண்டர் கடையக் கேட்கும் காசுக்கு ஹொண்டா ஜிஎக்ஸ்200 மாதிரியில் செய்த எஞ்சின் ஒன்று புதிதாகவே கிடைத்துவிடும். உங்களுடையதில் இரும்புச் சிலீவ் போட்ட சிலிண்டர் இருந்தால் மட்டும் ஒரு தரம் யோசிப்பேன்.

மாற்றுவதென்றால் எஞ்சினை விட அளவுதான் முக்கியம். பழைய ஷாப்ற்றின் தடிப்பை அளந்து பாருங்கள். 5 குதிரைவலுவில் வழமையாக முக்கால் அங்குலம், ஷாப்ற் வழுக்காமல் பிடிக்கும் கீ என்ற இரும்புத் துண்டு 3/16 அங்குலம். ஜிஎக்ஸ்200 வகையிலும் நேரான முக்கால் அங்குல ஷாப்ற் உண்டு, அதைத்தான் கேளுங்கள். ஜெனரேற்றருக்கான கூம்பு ஷாப்ற்றோ, கியர் வைத்து வேகம் குறைத்ததோ வேண்டாம். பம்ப் பிராக்கெற் பூட்டும் ஓட்டைகளின் இடைவெளியையும் பாருங்கள். போல்ற்றின் புரி வேறாக இருக்கலாம், கையால் ஏறாததை ஸ்பானரால் ஏற்றாதீர்கள். 8 குதிரைவலு போட்டால் ஆப்பு வேகமாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதே பம்பும் அதே 3600 சுற்றும் இருக்கும்வரை வேகமும் அதேதான்.

நேரம் தின்னப்போவது எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங். துருப்பிடித்துக் கிடக்கும், சுத்தியலால் அடித்தால் பம்ப் உள்ளே உடையும், புல்லர் வைத்து இழுங்கள். திரும்பப் பூட்டும்போது நடு ரப்பர் நசுங்காமல் இரண்டு பாதிக்கும் நடுவே ஏறக்குறைய 1/16 அங்குலம் விடுங்கள். புது எஞ்சினின் சைலன்சர் பழையது இருந்த பக்கம் இருக்காது, ஹைட்ரோலிக் ஹோஸ் அதில் முட்டாமல் பாருங்கள்.

புது எஞ்சின் பெட்டியில் ஒயில் இல்லாமல்தான் வரும். இந்த அளவுக்கு 0.6 லீற்றர் போதும், மட்டத்தைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். முதல் ஒயிலை 20 மணித்தியாலம் ஓடியதும் மாற்றிவிடுங்கள்.