கைம்மாறு கருதாமல் நன்மை செய்வது என்று கிறிஸ்தவம் எதைச் சொல்கிறது?

திருப்பித் தர முடியாதவருக்கும், தர மனமில்லாதவருக்கும்கூட நன்மை செய்வதுதான் அது. யூத சமயச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் என்ற பிரிவின் தலைவர் ஒருவரின் வீட்டு விருந்தில், விருந்து வைத்தவரிடமே இயேசு இதைச் சொல்கிறார் (பைபிளில் லூக்கா நற்செய்தி, 14-ஆம் அதிகாரம்). நண்பர்களையும் வசதியான அயலாரையும் அழைத்தால் அவர்கள் பதிலுக்கு அழைத்துவிடுவார்கள். அதனால் ஏழைகளையும், உடல் ஊனமுற்றவர்களையும், பார்வையற்றவர்களையும் அழையுங்கள் என்கிறார். சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நம் மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நமக்கு 500 எழுதியிருந்தால் நாமும் 500-க்குக் குறையாமல் எழுதுவோம். அது தப்பில்லை, ஆனால் அது கொடுக்கல் வாங்கல். இயேசு கேட்பது நோட்டே இல்லாத விருந்து.

ஏன்? நன்றி கெட்டவர்களுக்கும் கடவுள் நல்லவராக இருக்கிறார், அவர் பிள்ளைகளும் அப்படி இருக்க வேண்டும் என்பதே லூக்கா 6:35 தரும் காரணம்.

பலனே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்கிறவர்கள் உண்டு. பலன் உண்டு, அதைத் தருபவர் உதவி பெற்றவர் அல்ல, கடவுள் என்றுதான் இரண்டு பகுதிகளும் சொல்கின்றன.