2021 மத்திய பட்ஜெட்டில் கொரோனா தடுப்பூசிக்கான 35,000 கோடி ரூபாய் ஏன் சுகாதாரத் துறைக் கணக்கில் இல்லை?

அந்தத் தொகை ‘மாநிலங்களுக்கான நிதி மாற்றம்’ என்ற மானியக் கோரிக்கையில் (செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் பட்ஜெட் தலைப்பு) இருந்தது. அதைப் பார்த்துத்தான் ‘மத்திய அரசு தடுப்பூசி வாங்காதோ’ என்று பலர் குழம்பினார்கள். உண்மையில் செலவழித்தது சுகாதார அமைச்சகமே.

அங்கே வைத்த காரணம் நடைமுறை சார்ந்தது. ஒரு துறை மூன்று மாதத்தில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற காலாண்டு உச்சவரம்பு அந்தக் கோரிக்கைக்குப் பொருந்தாது. ஒருமுறைச் செலவைத் தனியே கண்காணிக்கவும் எளிது. உச்சவரம்பு எவ்வளவு இறுக்கும் என்றால், 2020 ஏப்ரல்–ஜூனில் சில துறைகள் ஆண்டு ஒதுக்கீட்டில் 15%தான், அதுவும் மாதம் 5% வீதம்தான் செலவழிக்க முடிந்தது. சுகாதாரத்துக்கு அப்போது விலக்கு.

அந்தக் கால பட்ஜெட்டின் பெரிய சிக்கல் செலவில் இல்லை, வரவுப் பக்கம். 2020–21க்கு 10% பெயரளவு வளர்ச்சி (விலைவாசி உயர்வையும் சேர்த்த வளர்ச்சி) என்று கணக்கிட்டார்கள், பொருளாதாரமோ சுருங்கியது. ஜிடிபியில் 3.5% என்று போட்ட நிதிப் பற்றாக்குறை திருத்திய மதிப்பீட்டில் 9.5% ஆனது. உணவு மானியத்துக்காகப் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கிய பழைய கடனைக் கணக்கில் கொண்டுவந்ததும் அதில் அடக்கம்.