மலைச்சாலையில் ஸ்போர்ட்ஸ் கார்: ஏற்றம் எளிது, இறக்கம்தான் கணக்கு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு வாரம் ஆல்ப்ஸ் கணவாய்களில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டத் திட்டமிடுகிறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்? எந்த மாதம் நல்லது?

200 கிலோமீட்டர் போதும். 250 என்பது உச்சம். கணவாய்ச் சாலைகளில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. வண்டியை நிறுத்தி மலையைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று பெரிய கணவாய்களுக்கு மேல் வைத்தால், நான்காவதில் ஓட்டுநரின் கவனம் சிதறும். அந்தக் கடைசி இறக்கத்தில் விபத்து எளிதில் நடக்கலாம்.

மாதம் என்றால் ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள், பனியைப் பொறுத்து மே இறுதியிலோ ஜூனிலோ திறப்பார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலை சுமார் 48 கிலோமீட்டர் நீளம், கட்டணச் சாலை. அது வழக்கமாக மே தொடக்கத்திலேயே திறந்தாலும் இரவில் மூடப்படும். ஆல்ப்ஸை விட்டு ருமேனியா பக்கம் போகிறவர்கள் ட்ரான்ஸ்ஃபாகராஷான் சாலையின் உச்சிப் பகுதி ஜூன் இறுதி வரை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தங்குமிடத்துக்குப் பணம் கட்டும் முன் கணவாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கணவாய் அடைபட்டால் சுற்றுவழி 100 கிலோமீட்டருக்கு மேலும் போகலாம்.

விடிந்ததும் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் பேருந்து, பைக், சைக்கிள் எல்லாம் வந்து சேரும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழையும் வரும்.

கேள்வி: 2,000 மீட்டரைத் தாண்டியதும் கார் மந்தமாகிவிடுகிறது. எஞ்சினில் கோளாறா?

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) இல்லாத எஞ்சின் என்றால் கோளாறு இல்லை. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீத சக்தி போகும். ஸ்டெல்வியோ உச்சியில் 300 குதிரைசக்தி எஞ்சின் சுமார் 230 தான் தரும். ஒரு கியர் குறைத்து, ஆர்.பி.எம்.மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) உயர்த்தி ஓட்டுங்கள். டர்போ எஞ்சின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். ஆனால் அதற்காக டர்போ கூடுதலாகச் சுழன்று சூடாகும். எனவே உச்சியை எட்டியதும் எஞ்சினைச் சட்டென்று அணைக்காமல், கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். டர்போ இருந்தும் மந்தம், கூடவே எச்சரிக்கை விளக்கும் எரிகிறது என்றால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகி, கருகல் வாடை வந்தது. பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் உள்ள காருக்கே இப்படி ஆகுமா?

ஆகும். இந்தப் பயணத்திலேயே முக்கியமான விஷயம் இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

1,000 மீட்டர் உயரம் இறங்கும் கார் இழக்கும் ஆற்றல், அதே காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 25 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். காரின் எடை எவ்வளவானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஸ்டெல்வியோவிலிருந்து வடகிழக்கே பிராட்டோ ஊருக்கு இறங்கும் பாதை 48 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 1,800 மீட்டர் கீழே போகிறது. மேலே சொன்ன கணக்கில் 45 முழு நிறுத்தங்கள் ஆகும். காற்றும் டயரும் இந்த ஆற்றலில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் ஏற்காவிட்டால் பிரேக்தான் வெப்பமாக ஏற்க வேண்டும். வேகமாகப் போனால் டிஸ்கைக் குளிர்விக்கக் காற்றாவது கிடைக்கும். வளைவுக்கு வளைவு 30, 40 வேகத்தில் ஊரும்போது அதுவும் கிடைக்காது.

இரண்டு விதமாக பிரேக் தளரும். பெடல் கல்லாக இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அளவுமீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. இதுதான் அதிக ஆபத்தானது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 5.1 என்றால் 260, 180. கிளம்பும் முன் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் நான்கு சக்கர பிரேக்குகளிலும் பழைய ஆயிலையும் குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில், பெயர் ஒத்திருந்தாலும் வேறு சரக்கு. மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பேட்டில் குறைந்தது பாதி கனமாவது மிச்சமிருக்கட்டும். தேய்ந்த பேட் வழியாக வெப்பம் எளிதாக ஆயிலுக்குக் கடந்துவிடும்.

ஓட்டும் முறை: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். அந்தச் சாலையில் ஏறியிருந்தால் எந்த கியர் தேவைப்பட்டிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.மில் இரைகிறதே என்று அஞ்ச வேண்டாம், ஸ்போர்ட்ஸ் எஞ்சினுக்கு அது சாதாரணம். பிரேக்கை நேர்ச்சாலையில், வளைவுக்கு முன், உறுதியாக இரண்டு மூன்று விநாடி அழுத்தி முழுதாக விடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்லும், ஏனென்றால் டிஸ்க் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. நியூட்ரலில் உருட்டுவது, பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைப்பது இரண்டும் கூடவே கூடாது.

வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, குறைந்தது இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும் அல்லது விரிசல் விடும். நின்ற பிறகு பெடலை அழுத்தியபடி உட்கார வேண்டாம். பேட் பொருள் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் அதிரும். கியரில் விட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கையும் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது அதன் பிடி தளரும்.

ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால் வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். அதோடு கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். மின் ஹேண்ட் பிரேக் என்றால் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் பெரும்பாலான கார்களில் வண்டி படிப்படியாக நிற்கும். அதுவும் போதாவிட்டால் மலைப்பக்கச் சரிவில் உரசி நிறுத்துங்கள். தகடு போனால் போகட்டும்.

ஆறிய பிறகு பெடல் பழையபடி இறுகிவிடும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கொதித்த ஆயிலை அடுத்த கணவாய்க்கு முன் மாற்றியே ஆக வேண்டும். கார்பன் செராமிக் டிஸ்க் இருந்தாலும் ஆயில் அதே ஆயில்தான். அந்த டிஸ்குகள் காலைக் குளிரிலும் மழையிலும் முதல் சில மிதிகளில் மந்தமாகப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவில் முன்பம்பரின் அடி உரசுகிறது. பின்சக்கரமும் வழுக்குகிறது. எப்படித் திருப்புவது?

வளைவின் உள்விளிம்பில்தான் சரிவு மிகச் செங்குத்து. ஸ்போர்ட்ஸ் காரின் தரை இடைவெளி பெரும்பாலும் 100 முதல் 130 மில்லிமீட்டர். உள்விளிம்பை ஒட்டித் திருப்பினால் முன்உதடு (பம்பரின் கீழ்விளிம்பு) தரையில் படும், உட்பக்கப் பின்சக்கரம் பாரமிழந்து சுழலும். ஆகவே உங்கள் லேனுக்குள்ளேயே வெளிப்பக்கமாக நுழையுங்கள். பிரேக்கை நேரிலேயே முடித்து இரண்டாவது கியருக்கு வாருங்கள். மிக இறுகிய வளைவென்றால் முதல் கியர். சற்றுத் தாமதமாகத் திருப்பி, வெளியேறும் இடம் கண்ணில் பட்ட பிறகே ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்துங்கள். நடுக்கோட்டை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். காரின் முன்பகுதியை உயர்த்தும் வசதி இருந்தால் அந்தப் பொத்தானை வளைவுக்கு முன்பே அழுத்துங்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு வசதி உண்டு. அடுத்த அடுக்குச் சாலை தலைக்கு மேலேயோ காலடியிலோ தெரியும். நுழையும் முன் நிமிர்ந்து பாருங்கள். பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். மழைக்குப் பின் உள்விளிம்பில் சரளை ஒதுங்கிக் கிடக்கும். நிழல் வளைவுகள் நண்பகலிலும் ஈரமாக இருக்கும்.

கேள்வி: ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலையில் எதிரே வண்டி வந்தால் யார் விட வேண்டும்?

பொதுவாக ஏறுகிற வண்டிக்கு வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இடத்துக்கு இடம் தனி விதிகள் உண்டு. சுவிட்சர்லாந்தில் தபால் கொம்பு சின்னம் உள்ள மலைச்சாலைகளில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும், பின்னால் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகரைச் சுற்றுவழியான என்.சி.500 சுமார் 830 கிலோமீட்டர். அதில் வரும் பெயலாக் நா பா கணவாய்ச் சாலை ஒரு வண்டி அகலம்தான், 626 மீட்டருக்கு ஏறுகிறது, சில இடங்களில் சரிவு 20 சதவீதம். அங்கே ஒதுங்கு இடங்களில் படம் எடுக்க நிறுத்துவது பெரும் தொல்லை. பின்னால் வேகமாக வருகிறவருக்கும் அங்கே ஒதுங்கி வழி விடுங்கள், உள்ளூர்க்காரர் வேலைக்குப் போகிறார்.

கேள்வி: காரில் ஸ்டெப்னி இல்லை. ஆளில்லாத இடத்தில் பஞ்சரானால்?

ஒட்டுதிரவமும் சின்ன கம்ப்ரஸரும் கொடுத்திருப்பார்கள். திரவ டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆணி குத்திய துளையை அது அடைக்கும், பெரும்பாலான தயாரிப்புகளுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர்தான் வரம்பு. பக்கச்சுவர் கிழிந்தால் எதுவும் செய்ய முடியாது. பக்கச்சுவர் உயரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் டயர் பாறை விளிம்பில் இடிபட்டால் அங்கேதான் கிழியும். அப்போது லாரியில் ஏற்றுவது ஒன்றே வழி. மலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, உதவி எண்ணையும் வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள். அந்த அளவு டயர் சின்ன ஊர்களில் கிடைக்காது, வரவழைக்க ஓரிரு நாள் ஆகலாம்.

காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். ஓட்டி முடித்த சூட்டில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும், அதிகாலைக் கணவாயில் ஆகஸ்டிலும் இது நடக்கும். மழையில் ஓட்ட டயரின் பள்ளங்களில் 3 மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும்.

வாடகைக் கார் என்றால் டயர், ரிம், அடிப்பகுதி மூன்றும் காப்பீட்டில் உண்டா என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் இல்லை. எடுக்கும்போதே நான்கு ரிம்களையும் முன்உதட்டின் அடியையும் படமெடுங்கள்.

கேள்வி: பெட்ரோல், ஆயில் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். ஏற்றத்தில் செலவு சமவெளியைவிட ஒன்றரை மடங்காகலாம். தவிர, டேங்க் அடிமட்டத்தில் இருக்கும்போது இறுகிய வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் திக்கும். ஒதுக்குப்புற பங்கில் 98 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) கிடைக்காமல் 95 மட்டும் இருந்தால், மூடியின் உட்புறம் குறைந்தபட்சம் எது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அவசரத்துக்கு நிரப்பினால், குறைந்த ஆர்.பி.எம்.மில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் அடுத்த பங்க் வரை நிதானமாகப் போங்கள். எஞ்சின் ஆயிலைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் எஞ்சினுக்குரிய தரத்தில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும்.

கேள்வி: என் காரில் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்தபோது சூடு எச்சரிக்கை வந்தது, ஏன்?

ஆக்ஸிலேட்டரால் வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடித்திருப்பீர்கள். அப்போது கிளட்ச் தொடர்ந்து வழுக்கிச் சூடாகும். பிரேக்கால் நிறுத்துங்கள். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். எச்சரிக்கை வந்தால் ஒதுக்கி நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி ஆறவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து இருக்கையில் வருபவருக்கு வளைவுகளில் குமட்டல் வருகிறது.

பெரும்பாலும் காரணம் ஓட்டும் விதம். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் வெடுக்கென்று அசைக்காதீர்கள். சஸ்பென்ஷனை மென்மையான நிலைக்கு மாற்றுங்கள். அவர் செல்போனையும் வரைபடத்தையும் பார்க்காமல் சாலையின் தொலைவைப் பார்க்கட்டும். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு, கிளம்பும் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் பயன் குறைவு.

கேள்வி: பெட்டிகளை எப்படி அடுக்குவது?

மென்பைகள் மட்டும். எஞ்சின் நடுவில் உள்ள காரில் பின்டிக்கி சூடாகும், மருந்துகளை முன்டிக்கியில் வையுங்கள். ஓட்டுநரின் காலடியில் தண்ணீர் பாட்டில் ஒருபோதும் கிடக்கக் கூடாது, உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விடும்.

கேள்வி: மின்சார ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பிரேக் கவலை இல்லைதானே?

பாதி உண்மை. 2,200 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் 6 கிலோவாட் மணி அளவு ஆற்றல் வெளிப்படும். அதில் ஒரு நல்ல பங்கை மோட்டார் பேட்டரிக்குத் திருப்பும், டிஸ்க் ஆறியே இருக்கும். ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் வாங்கிக்கொள்ள இடமில்லை. அப்போது முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும், அதுவும் கனமான காரில். மலை உச்சி விடுதியில் தங்கினால் 100 சதவீதம் சார்ஜ் செய்யாமல், 80 சதவீதத்தில் நிறுத்தி இறங்குங்கள். பேட்டரி மிகக் குளிர்ந்திருந்தாலும் திரும்ப ஏற்கும் திறன் குறையும். எனவே அதிகாலை இறக்கத்தின் முதல் சில கிலோமீட்டரில் திரையில் அந்த அளவு எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.