1.80 லட்சம் கடனா, 1,000 ரூபாய் தேர்வா?

கேள்வி: வயது 34. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 42,000 ரூபாய். அதில் வீட்டுக்கடன் தவணை 14,500. டேட்டா அனலிட்டிக்ஸ் (புள்ளிவிவரங்களைக் கணினியில் அலசும் வேலை) படித்து வேலை மாற ஆசை. ஒரு ஆன்லைன் நிறுவனம் பல்கலைக்கழகச் சான்றிதழோடு 1.80 லட்சம் கேட்கிறது, 24 மாத இஎம்ஐ. நண்பரோ இதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது என்கிறார். எதில் சேரலாம்?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் 'இலவசம்' என்பதில் கொஞ்சம் விவரம் இருக்கிறது.

முதலில் அந்த இஎம்ஐ. 15 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 8,700 ரூபாய் வரும். வட்டி மட்டும் 29,000-க்கு மேல். வீட்டுக்கடனோடு சேர்த்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். இந்தத் தவணை பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். இரண்டாம் மாதமே வகுப்பை விட்டுவிட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கல்விக் கட்டணத்துக்கான கழிவு பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும்.

இப்போது இலவசம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில், ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு பாடத்துக்குத் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். தேர்வு வீட்டில் உட்கார்ந்து எழுதுவதல்ல. மையத்துக்கு நேரில் போக வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதே அதனால்தான் என்பேன். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 குறைந்தபட்சம் வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பதிவுத் தேதி தாண்டினால் அந்தப் பருவத்துக்குச் சான்றிதழ் கிடையாது.

எடெக்ஸ் தளத்திலும் பல பாடங்களைச் சும்மா பார்க்கலாம், சான்றிதழுக்குத்தான் காசு. கோர்ஸெரா என்ற தளத்தில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வசதியும் உண்டு.

என் யோசனை: சென்னை ஐஐடியின் 'பைத்தான் ஃபார் டேட்டா சயின்ஸ்' நான்கு வாரப் பாடம் (பைத்தான் என்பது ஒரு கணினி மொழி). அடுத்த பருவத்தில் அது வந்தால் அதிலேயே தொடங்குங்கள். ஷிப்ட் முடிந்து வந்து வாரம் ஐந்தாறு மணி நேரம் உட்கார முடிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். முடியவில்லையென்றால் நஷ்டம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். பிடித்துப்போனால் அடுத்து ரூர்க்கி ஐஐடியின் 12 வார டேட்டா அனலிட்டிக்ஸ் பாடம் இருக்கிறது. கூடவே உங்கள் கம்பெனியிலேயே கிடைக்கும் பழுதுப் புள்ளிவிவரங்களை, மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, அலசிப் பாருங்கள். எந்த வார்ப்பில் ரிஜெக்‌ஷன் அதிகம், எந்த ஷிப்டில் என்று காட்டும் ஒரு வேலை, இன்டர்வியூவில் சான்றிதழைவிட அதிகம் பேசும்.

'இன்று இரவுக்குள் சேர்ந்தால் தள்ளுபடி' என்று போன் வந்தால் வையுங்கள். ஏற்கெனவே கடனுக்குச் சம்மதித்து ஓடிபி சொல்லிவிட்டீர்களா? டிஜிட்டல் கடனுக்கு, அபராதமில்லாமல் விலக ரிசர்வ் வங்கி விதிப்படி குறுகிய அவகாசம் உண்டு. அது எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இன்றே பாருங்கள்.