ஒரே வேடத்துக்கு இரண்டு பேர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்குக் காது கேட்காது, மகளுக்குக் கேட்கும். எந்த நாடகத்துக்குக் கூட்டிப்போனாலும் ஒருவர் கொட்டாவி விடுகிறார். அமெரிக்காவில் இரு தரப்பு இளைஞர்களும் சேர்ந்தே நடிக்கிறார்களாமே? மேடை ஓரத்தில் ஒருவர் நின்று சைகையில் சொல்வதுதானே அது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது வேறு, இது வேறு. ஓரத்தில் ஒருவர் நின்று சொன்னால் உங்கள் மகன் டென்னிஸ் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே நடிகர் முகம் மாறுகிற நேரம் பார்த்து இவன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். லாஸ் ஏஞ்சலீஸில் 1991-ல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் தியேட்டர் என்ற நாடகக் குழுவினர் சைகையை நடிப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். 2003-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அவர்கள் போட்ட ‘பிக் ரிவர்’, மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதைதான். கதைச் சிறுவன் ஹக்காக நடித்த டைரோன் ஜியோர்டானோ காது கேளாதவர், சைகையில் பேசினார். அவருக்குக் குரல் கொடுத்துப் பாடியவர் மார்க் ட்வைனாக வேடம் போட்ட டேனியல் ஜென்கின்ஸ். எழுதியவரே தன் கதைச் சிறுவனுக்குக் குரல் தருகிறார், என்ன அழகான ஏற்பாடு! ஹக்கின் குடிகார அப்பா வேடத்துக்கோ இரண்டு பேர், இருவருமே மேடையில்.

நாடகத்தின் பிற்பகுதியில் ஒரு பாட்டு நடுவில் இசையும் குரலும் சட்டென்று நின்றுவிடும், எல்லோரும் கைகளால் மட்டும் பாடிக்கொண்டே போவார்கள். அந்தச் சில நொடிகள் உங்கள் மகளுக்குத்தான் சத்தம் இல்லை, மகனுக்கு எதுவும் குறையவில்லை. எனக்கு முழு நாடகத்தையும்விட அந்த ஒரு இடம் பெரிசு.

கேள்வி: பாட்டே கேட்காதவர்கள் தாளம் தப்பாமல் ஆடுவது எப்படி? தரை அதிர்வை வைத்தா?
– வாசகர், சிவகாசி

பதில்: இந்த அதிர்வுக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் உதவலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு முழுப் பாட்டை ஆட முடியாது. மனசுக்குள் எண்ணுவது, விளக்கு மாறுவது, கூட நிற்பவர் தோளைத் தொடுவது, இதெல்லாம்தான் சங்கதி. அதே குழுவின் ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ (பிராட்வே, 2015) ஆட்டத்தில் ஒருவர் இன்னொருவரைத் தொட்டுவிட்டுப் போவார், நமக்கு அது நடன அசைவு, அவருக்கு ‘இப்போ ஆரம்பி’. (அது பெரியவர்களுக்கான கதை, பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.)

கேள்வி: நடிகருக்குக் கேட்காதே, கைதட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தட்டுங்கள், தப்பில்லை. அதோடு இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டுங்கள். அதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் கைதட்டல்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் முயன்று பார்க்கலாமா?
– ஆசிரியை, விருதுநகர்

பதில்: தாராளமாக. ஆனால் யூடியூபில் அமெரிக்கச் சைகையைப் பார்த்துப் பழக்காதீர்கள். அவர்கள் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். கதை எழுதும்போதே காது கேளாத பெரியவர் ஒருவரைக் கூட உட்கார வையுங்கள், ஒத்திகை முடிந்தபிறகு கூப்பிட்டுப் பயனில்லை. பேசவேண்டிய பிள்ளையின் கையில் குடமோ வாளோ கொடுக்காதீர்கள், கொடுத்தால் அவன் எதைக் கொண்டு பேசுவான்? சட்டை ஒரே நிறமாக, கை எடுப்பாகத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். அப்புறம், காட்சி முடிகிறது என்று விளக்கை அணைக்கும் அண்ணனிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்: கடைசி சைகை முடிந்தபிறகுதான் ஸ்விட்ச்.